ரத்தினம்மா குடிக்காத தண்ணீர்

ரத்தினம்மாவுக்கு மருந்து கிடைக்காமல் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இன்றைக்கும் "பாவம், மருந்துக்கு வழியில்ல" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரை குதிரைக்கொம்பாக இருந்த அந்தக் காலத்திலேயே பெங்களூரில் ஒரு தொண்டு ஆஸ்பத்திரி அவளுக்கு இலவசமாகக் கொடுத்தது. டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"இதச் சாப்பிட்டா நாளெல்லாம் தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும்மா. இல்லன்னா கிட்னியில கல்லு வந்துடும்."

தண்ணீர்தானே என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினாள்.

சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் வரிசைக்கு ஒரு குழாய். சுரங்கத்தை மூடிய வருஷம் அது; தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவள் புருஷன் முனியப்பன் இறந்தபோது ஆஸ்பத்திரியில் பிணத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். என்ன நோய் என்று லைன் முழுக்கத் தெரிந்துவிட அதுவே போதும். எல்லாரும் பிடித்து முடித்தபின் வா என்று அவளுக்குச் சட்டம் போட்டவள் பக்கத்து வீட்டுக் கங்கம்மா. கடைசி ஆளுக்கு அந்தக் குழாய் காற்றைத்தான் துப்பும்.

சொல்லும்போதே வயிறு எரிகிறது. பூமிக்கடியில், அந்தச் சூட்டில், ஒரே கேனில் மாறி மாறி வாய்வைத்துக் குடித்தவர்கள் இந்த லைன் ஆண்கள். முனியப்பனும் கங்கம்மாவின் புருஷனும் ஒரே ஷிப்ட். அங்கே யாரும் யார் எச்சிலையும் பார்க்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. வாய்ப்புண் ஆறி, சோறு இறங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. அப்புறம்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தண்ணி குடிக்கிறதுகூடவா கஷ்டம்?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். "இன்னொரு தடவ கல்லு வந்தா இத நிறுத்திடுவேன். குடுக்கறதுக்கு எங்ககிட்ட வேற மாத்திரை இல்ல."

குழாயடி கதையை அவரிடம் சொல்ல அவளுக்குக் கேவலமாக இருந்தது. யார் கேவலப்பட வேண்டியது, யார் பட்டது பாருங்கள்.

மறுநாள் தண்ணீர் வந்ததும் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். குடம் நிரம்பும்வரைகூடப் பொறுக்கவில்லை. குழாயில் வாய்வைத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் கங்கம்மா.

"உயிரோட இருக்கணும்க்கா. தள்ளுங்க."

ஒருத்தரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் குழாயின் வாயில் சிமெண்டை வைத்து அடைத்துவிட்டார்கள். அவள் வாய்வைத்த குழாய் இனி யாருக்கும் வேண்டாமாம். நாங்கள் அடுத்த லைனில் பிடித்துக்கொள்கிறோம் என்று வீறாப்பு வேறு.

ரத்தினம்மா தன்னைத் தெரியாத இடமாகப் பார்த்து, தள்ளியிருந்த இன்னொரு சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸ் பக்கம் நடந்தாள். ஒரு குடம் தூக்கி வருவதற்குள் உடம்பு விழுந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கல் மறுபடி வந்தது. டாக்டர் சொன்னபடியே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அவள் பெங்களூரிலிருந்து திரும்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது கங்கம்மா காலிக் குடத்தோடு வந்தாள். வாசலுக்கு அந்தப்பக்கமே நின்றுகொண்டாள்.

"அடுத்த லைன்காரங்க எங்கள குழாய்கிட்ட சேர்க்க மாட்டேங்கறாங்க ரத்தினா. உங்க லைனுக்கே அந்த நோவு இருக்குது, குடத்த எடுத்துக்கினு போங்கன்றாங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். நோவு உனக்கு மட்டும்தான், எங்களுக்கெல்லாம் இல்லன்னு."

ரத்தினம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"மாத்திரய நிறுத்திட்டாங்கக்கா. இனி நான் எத்தினி நாளைக்கோ. வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி, நல்லா இருந்த குழாய்க்கு சிமெண்ட் வெச்சது யாருன்னு அந்த லைன்ல நீ போய் சொல்லிட்டு வா."

கங்கம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். வாசலுக்கு அந்தப்பக்கமே நின்றாள்.