செருப்பு அலமாரியில் ஒரு சர்வர்

பழுதான லிப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். அதனால் ஊரில் அவருக்கு 'லிப்ட்காரர்' என்றே பெயர். கல்யாணப் பத்திரிகைகூட அந்தப் பெயருக்குத்தான் வரும். வேலையை முடித்துக் கிளம்புமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அது அவர் கையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. எந்த அறையை விட்டு வெளியேறினாலும் கை தன்னால் போய் ஒரு சுவிட்சையாவது தட்டிவிடும். ஒருமுறை வெளியூர் போகையில் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டார். திரும்பி வந்தபோது அதைத் திறக்க அக்கம்பக்கத்தில் யாருக்கும் தைரியமில்லை.

இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறக்கும்வரை 'தெய்வமே' என்பார்கள். திறந்ததும் 'இவ்வளவு நேரமா?' என்பார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் உளறுவதையெல்லாம் கதையாக எழுத, இணையத்தில் இலவச வலைப்பூ ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

அதே வீட்டில் மாமியாரும் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "லிப்டைப் பத்தி எழுத என்ன இருக்கு மாப்பிள்ளை? ஏறும், இறங்கும். முடிஞ்சுது கதை" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வலைப்பூவுக்கு இருந்தது ஒரே ஒரு வாசகர். பெயர் போடாத ஆசாமி. ஒவ்வொரு கதைக்கும் தவறாமல் பின்னூட்டம் வரும். 'சுமார். நாலாவது மாடி அம்மாளை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம்.' அந்தச் 'சுமாரை' லிப்ட்காரர் மனைவியிடம் விருது வாங்கியதுபோல் வாசித்துக் காட்டுவார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், அவர் கதைக்குக் கீழே அந்தத் தளத்துக்காரர்கள் ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள்: 'லிப்டை மறப்போம்! படியேறுவோம்! தொப்பையைக் குறைப்போம்!'

சோறு போடும் தொழிலை அவர் வாசலிலேயே நின்று திட்டுவதா? மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கணினி பற்றித் தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வான்.

"அத்தான், அது வாடகை வீடு. சுவத்துல ஓனர் எந்த போஸ்டர் ஒட்டினாலும் நீங்க பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். பேசாம சொந்த வீடு கட்டிடலாம். எங்கிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்குது, அதையே சர்வர் ஆக்கி, உங்க கதையெல்லாம் நம்ம வீட்டுலயிருந்தே ஓட விட்டுடலாம்."

"சொந்த வீட்டுல ஒழுகினா யாருடா பார்க்கறது?" என்றாள் மனைவி.

"நான் இல்லையாக்கா?"

"அதாண்டா பயம்."

பயத்தை மீறிச் சொந்த வீடு எழும்பியது. இணையப் பெட்டி வாசலோரம் இருந்ததால், பக்கத்துச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் சர்வரைக் குடியேற்றினார்கள். லிப்ட்காரர் அப்போது ஏழாவது மாடிக்காரரின் கதையைப் பாதிவரை எழுதியிருந்தார். பெண் பார்க்கப் போகும் அவசரத்தில் ஒற்றைச் செருப்பை லிப்டுக் குழிக்குள் தவறவிட்ட மனிதர் அவர். 'மீதி என் சொந்த வீட்டில்' என்று புது முகவரியைப் போட்டுவிட்டுப் பழைய இடத்தைக் காலி செய்தார்.

மீதிக் கதை புது வீட்டில் ஏறியது. பின்னூட்டம் வரவில்லை. மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. முடிவு சொதப்பலோ என்று மாற்றி எழுதினார். மச்சான் ஒரு சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "ஜம்முனு ஓடுது அத்தான். வீட்டுல குறையில்ல, விருந்தாளிதான் வரல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். லிப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இருந்த ஒரு வாசகரையும் துரத்திவிட்ட எழுத்தாளன் எதற்கு எழுத வேண்டும்?

அன்று சாப்பிடும்போது சொல்லியேவிட்டார். "எழுதறதை விட்டுடலாம்னு இருக்கேன்."

மாமியார் டம்ளரை 'ணங்' என்று வைத்தார். "அப்போ அந்தச் செருப்பு கிடைச்சுதா இல்லையா?"

லிப்ட்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எந்தச் செருப்பு அத்தை?"

"ஏழாவது மாடிக்காரன் செருப்புதான். பொண்ணு பார்க்க ஒத்தைச் செருப்போட போனானா? நீங்க பாட்டுக்குப் பாதியில விட்டுட்டீங்க. பகலெல்லாம் தட்டிப் பார்க்கறேன், உங்க சொந்த வீடு திறக்கவே மாட்டேங்குது. எங்க எக்ஸ்சேஞ்சுல லைன் இப்படிச் செத்துக் கிடந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க!"

"சாயங்காலத்துல திறந்திருக்குமே அத்தை..."

"நீங்க எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது படிச்சுட்டுச் சிரிக்கச் சொல்றீங்களா? அப்புறம் உங்க தலை வாசல்ல நுழையுமா?"

மனைவி மெதுவாக வாசல் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த அலமாரி சுவிட்ச் தினமும் அணைஞ்சே கிடக்குது, சாயங்காலம் விளக்கு போடும்போது நான்தான் அதையும் போடறேன். காலையில செருப்பு மாட்டும்போது அதை என்ன பண்றீங்க?"

லிப்ட்காரர் தன் வலது கையைத் தூக்கி, யாரோ முன்பின் தெரியாதவரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பழைய இடத்துக்கே திரும்பிவிடலாமா என்று பேச்சு வந்தபோது மாமியார் ஒரே போடாகப் போட்டார். "வேண்டாம். அங்க போனா என்னையும் படியேறச் சொல்லுவான். என் முட்டி இருக்கற லட்சணத்துக்கு!"

மறுநாள் காலை, 'வேலை நடக்கிறது, சுவிட்சைத் தொடாதீர்' என்ற தன் தொழில் பலகையை எடுத்து வந்து, தனக்குத் தானே எச்சரிக்கையாக அலமாரியில் மாட்டினார் லிப்ட்காரர். செருப்பை மாட்டினார். கை தன்னால் எழுந்தது.

"மாப்பிள்ளை! கை!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கை இறங்கியது.

அன்று மத்தியானம், இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிய ஒருவரை மீட்டுக்கொண்டிருந்தபோது லிப்ட்காரரின் கைபேசி சிணுங்கியது. பெயர் போடாத பின்னூட்டம்: 'சுமார். செருப்பு கிடைத்த விதம் நம்பும்படி இல்லை.'

"சார், கதவு..." என்று உள்ளேயிருந்து ஈனக்குரல் கேட்டது.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் லிப்ட்காரர். "இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."