பொங்கின மாவும் பரிமளாவின் இட்லியும்

போன ஞாயிற்றுக்கிழமை தாமலில் தங்கை மகளின் சீமந்தம் முடிந்து, நானும் கணவரும் வீடு திரும்பினோம். சமையலறை விளக்கைப் போட்டால்... மேடையில் அந்தக் கண்ணாடி பாட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறது. பளபளவென்று தேய்த்துக் கழுவி!

தூக்கிப் பார்த்தேன். காலி.

அதில் இருந்தது என் மகள் நித்யாவின் உயிர். சவர்டோ ஸ்டார்ட்டர் — ஈஸ்ட் வாங்காமல் ரொட்டி சுட, கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து அவள் வருஷக்கணக்காகப் புளிக்க வைத்து வளர்க்கும் மாவு. ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போகும்போது என்னிடம் ஒப்படைத்தாள்.

"தினமும் பாதிய எடுத்துட்டு, புது மாவும் தண்ணியும் போடும்மா. பட்டினி போட்டா செத்துடும்."

தினமும்! பிள்ளைகளை வளர்த்து, படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்து... சரி, விடுங்கள். எல்லோருக்கும் ஊட்டி முடித்து உட்காரும் வயதில், ஒரு பாட்டிலுக்கு வேறு ஊட்ட வேண்டுமா?

எடுத்த பாதியைக் கொட்டத்தான் மனசு வருமா? ஒரு நாள் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு தோசை. மறுநாள் வெல்லம், ஏலக்காய் போட்டுப் பணியாரம். மறுபடியும் தோசை. பணியாரம் அபாரமாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கணவர் தட்டைப் பார்த்ததுமே, "இன்னிக்கும் அதானா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சமைத்துச் சமைத்து எனக்கே அந்தப் புளிப்பு வாசனையில் தலை சுற்றியது.

தாமலுக்குப் போகும்போது அடுத்த வீட்டுப் பரிமளாவிடம் சாவியைக் கொடுத்து, "ஒரு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணி, அவ்ளோதான்" என்று சொல்லியிருந்தேன். பகலெல்லாம் தறியில் உட்காருகிறவள், பாவம், மறுக்கவில்லை.

இப்போது அவளைக் கூப்பிட்டேன். கையில் கிண்ணத்தோடு வந்தாள்.

"என்னக்கா, நேத்து வந்து பாத்தா மாவு பொங்கி வழிஞ்சிக்கினு இருக்குது. உப்புகூடப் போடாம போயிட்டீங்க! வீணாப் போயிடுமேன்னு ரவை, மிளகு, சுக்கு, சீரகம் எல்லாம் போட்டு கோயில் இட்லி ஊத்திட்டேன். இந்தாங்க, உங்களுக்கு."

"மாவு போடத்தானே சொன்னேன், பரிமளா?"

"போடலாம்னுதான்கா வந்தேன். பொங்கின மாவுல போயி யாராச்சும் பச்ச மாவைக் கொட்டுவாங்களா?"

பொங்கின மாவைப் பார்த்தால் இந்த ஊரில் யாருடைய கையும் இட்லிப் பானையைத்தான் தேடும். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். கோதுமை மாவாச்சே, கொஞ்சம் இழுத்தது. ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

நித்யாவிடம் எப்படிச் சொல்வது? போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சிரிக்கிறாள்!

"அவ்ளோதானா? கொஞ்சம் காய வச்சி, பொடி பண்ணி ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், பாரும்மா. தண்ணில கரைச்சி மாவு போட்டுக்கினே வந்தா உயிர் வந்துடும். பேக்கப் இல்லாம விட்டுட்டுப் போவேனா?"

திறந்து பார்த்தேன். சின்ன டப்பா, இருந்தது. அப்பாடா என்றிருந்தது. கூடவே எரிச்சலும். இதை முன்னாடியே சொல்லியிருந்தால் சீமந்த வீட்டில் இந்தப் பாட்டில் கவலையில்லாமல் சாப்பிட்டிருப்பேனே?

"இப்பவே கரைச்சி வச்சிடும்மா. நான் வரதுக்குள்ள ரெடியாயிடும்."

டப்பாவை உள்ளே வைத்து, ஃப்ரீசரை மூடினேன். "நீயே வந்து கரைச்சிக்கோ" என்றேன்.

மாவுக்கு பேக்கப் இருக்கிறது. எனக்கு இல்லையே!