வேனின் பின்பக்கத்துச் சத்தம்

"ஆன்ட்டி, பின்னால யாரோ தட்டுறாங்க."

கடைசி சீட்டிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். பயந்துபோய்ச் சொல்லவில்லை, வாசலில் ஆள் நிற்கிறது, போய்ப் பாருங்கள் என்பது போல சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ரோட்டுல கல்லும்மா. கல்லு மேல ஏறுனா அப்படித்தான்," என்றேன்.

அந்தப் பதிலைப் பல மாதங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்பக்கம், வலது டயருக்கு மேலே, டொக் என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. நல்ல ரோட்டில் கேட்காது. எங்கள் எஸ்டேட் ரோட்டில் இறங்கியதும் ஆரம்பித்துவிடும்.

வேன் என் புருசன் வாங்கியது. வாங்கும்போதே பழசு. காலையில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளைப் புளத்கொகுபிட்டியவில் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவார், மத்தியானம் கூட்டிவருவார், இடையில் கேகாலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்வார். அவர் இறந்து மூன்று வருசம் ஆகிறது. முதல் ஆறு மாதம் வேன் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிறகு நான் லைசன்ஸ் எடுத்து அதே ஓட்டத்தை ஓட ஆரம்பித்தேன். தோட்டத்தில் வேன் ஓட்டுகிற முதல் பொம்பளை என்று சிலர் மெச்சினார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. கடைசி சீட்டை மட்டும் நான் துடைப்பதில்லை. அதற்கு லயத்தில் ஒரு அக்காவைக் கூப்பிடுவேன்.

அவரை நாங்கள் கொண்டுபோனது அந்தச் சீட்டில்தான்.

அன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் கொழுந்தன், அவருடைய தம்பி, தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். அவர்தான் ஓடிவந்து வேனை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து என் புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கால் வலது பக்கம் நீண்டிருந்தது. ஒவ்வொரு குழியிலும் வேன் தூக்கிப் போட்டது. ஒரு தடவை தூக்கினால் மூன்று தடவை ஆடி அடங்கும். அப்போதே குலுக்கலைத் தாங்குகிற பின் சொக் எப்சோபர் இரண்டும் போய்விட்டிருந்தன. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஆடுகிறபோதெல்லாம் அவர் குதிகால் வேனின் பக்கத் தகரத்தில் போய் இடித்தது. டொக். எட்டிப் பிடிக்க முடியவில்லை. பிடிப்பதென்றால் தலையை விட வேண்டும்.

ஆகவே பின்னால் கேட்பது என்ன சத்தம் என்று பிள்ளை சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்த வாரமே டயர் கடையில் வேனைக் காட்டினேன். கடைக்காரர் பின் பம்பரில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திவிட்டு எடுத்தார். வேன் தொட்டில் மாதிரி ஆடியது. குனிந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், எண்ணெய் எல்லாம் கசிந்து போயிருக்கிறது, மேலே இருக்கிற ரப்பர் புஷ்ஷும் தேய்ந்துவிட்டது, அதுதான் இரும்பும் இரும்பும் இடிக்கிறது என்று. "தெகம மாறு கரன்ன, அக்கே," என்றார். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம்.

காரணம் தெரிந்துவிட்டால் சத்தம் சும்மா சத்தமாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், எஸ்டேட் ரோட்டுச் சின்னப் பாலம் வருவதற்கு முன்னாலேயே என் முதுகு விறைத்துக்கொண்டது. தேய்ந்த புஷ் அது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேகாலையில் புது சொக் இரண்டு வாங்கினேன். வேனைக் கராஜில் விட்டால் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. பௌர்ணமிப் போயா லீவில் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம். அதற்கு எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான்.

கொழுந்தன் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் அம்மாவோடும் மனைவியோடும் இருக்கிறார். காரியம் முடிந்த பிறகு அவர் அந்த வேனைத் தொட்டதில்லை. விசேசத்துக்கு வந்தால் பின்வாசல் வழியாக வருவார். முற்றத்தில் வேன் நிற்கும். போன் எடுத்துச் சொன்னேன்.

"நட்டெல்லாம் துருப்பிடிச்சிருக்கும் அண்ணி," என்றார். "இன்னிக்கே டீசல் ஊத்தி ஊற வச்சிருங்க. நாளைக்கு வாறேன்."

போயா அன்று காலை வெயில் அடித்தது. ரப்பர் காய் வெடிக்கிற காலம். மரத்தில் காய் வெடித்து விதை கூரைத் தகரத்தில் விழும்போதெல்லாம் நான் திடுக்கிட்டேன். கொழுந்தன் பெக்டரி வேர்க்சொப்பிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டும் வண்டி தூக்குகிற ஒரு பெரிய ஜக்கும் கடன் வாங்கி வந்திருந்தார். முன் டயர்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். பின்பக்கத்தை ஜக்கால் தூக்கி சேசிக்குக் கீழே ஸ்டாண்டுகளை வைத்தார். வேனை உலுக்கிப் பார்த்தார். இவ்வளவும் செய்தவர் ஒரு தடவைகூடக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கவில்லை.

வலது பக்கத்தில் ஆரம்பித்தார். ஜக்கை அச்சுக்குக் கீழே நகர்த்தி லேசாகத் தாங்கிக்கொடுத்தார். மல்லாந்து உள்ளே போனதும் முழங்காலுக்குக் கீழேதான் வெளியில் தெரிந்தது. ஸ்பெனர், சுத்தியல், டீசல் போத்தல் என்று கேட்டதை நான் எடுத்துக் கொடுத்தேன். கீழ் நட்டு சீக்கிரம் கழன்றது. மேல் போல்ட்டுக்கு அரை மணி நேரம் போனது. ஸ்பெனரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் சொருகி நீளமாக்கி இழுத்தபோது, ஆள் முனகுவது போல ஒரு சத்தத்தோடு அது இளகியது. நாங்கள் இருவரும் அசையவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

பழையதை வெளியே நீட்டினார். எண்ணெயும் சேறும் சேர்ந்து கறுப்பாகியிருந்தது. "அமுக்கிப் பாருங்க அண்ணி."

அமுக்கினேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போய், போன இடத்திலேயே நின்றது. புதியதை அவர் காட்டினார். அதை அமுக்கிக் கட்டியிருந்த பட்டியை அறுத்ததும் தானாகவே மெதுவாக நீண்டு எழுந்தது.

புதியதைப் பொருத்திக்கொண்டே அடியிலிருந்து பேசினார். முகம் தெரியாததால்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கு இத மாத்தியிருந்தாகூட இன்னும் வேகமா போயிருப்பேன்."

அடுத்த ஸ்பெனரை உள்ளே நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"அத விடுங்க. மேல் ரோட்டுல போயிருக்கணும் நான்."

பெக்டரிக்குக் கீழே ரோடு இரண்டாகப் பிரியும். மேல் ரோடு சுற்று, ஆனால் பரவாயில்லாத ரோடு. கீழ் ரோடு கிட்ட, ஆனால் உடைந்த ரோடு. அன்று அந்தச் சந்தியில் வேனை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "அண்ணி, மேலயா போவோம், கீழயா போவோம்?" நான், "எதுலயாவது போங்க," என்றேன். அவர் கீழே இறக்கினார். ஒரு வளைவில் மர லொறி ஒன்று சேற்றில் புதைந்து நின்றது. அரை மணி நேரம் அதன் பின்னால் நின்றோம். ஆஸ்பத்திரி வாசலில், இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று யாரோ ஒருவர் சிங்களத்தில் சொன்னது இவர் காதில் விழுந்தது. அந்தச் சொல்லோடுதான் இவர் மூன்று வருசம் இருந்தார்.

எனக்கு அது தெரியும். இவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள், நித்திரையில் "மேல, மேல" என்று சொல்கிறார் என்று.

"தம்பி," என்றேன். "கீழ் ரோட்டுனால ஒன்னும் இல்ல."

"இல்ல அண்ணி, அது நீங்க ஆறுதலுக்குச் சொல்றது."

"ஆறுதலுக்குச் சொல்லல. சின்னப் பாலத்துக்கிட்டயே போயிட்டாரு."

ஸ்பெனர் நின்றது.

சின்னப் பாலம் சந்திக்கு முன்னால் வருவது. அதில் ஏறும்போது என் சேலை முந்தானையை அவர் பிடித்திருந்தார். இறங்கும்போது பிடி இல்லை. கண் திறந்தபடி இருந்தது. அதுவரைக்கும் இடித்த காலில் வலியைத் தாங்குகிற ஒரு இறுக்கம் இருந்தது. அதற்குப் பிறகு இடித்ததில் அது இல்லை. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. முன்னால் இருந்து இவர், "அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "தூங்குறாரு," என்றேன். சந்தியில் கேட்டபோதும், லொறிக்குப் பின்னால் நின்றபோது கேட்டபோதும் அதையே சொன்னேன். லொறிக்காரனிடம் இவர் கும்பிட்டுக் கெஞ்சியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?" என்று வேனுக்கு அடியிலிருந்து கேட்டார்.

"ஆமா."

"ஏன்?"

"சொல்லியிருந்தா அந்த ரோட்டுல உங்களால வண்டி ஓட்டியிருக்க முடியாது."

அது பாதிதான் உண்மை. மீதியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அப்படி விரட்டி ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும், அந்த வேனில் ஒருத்தருக்காவது என் புருசன் உயிரோடு இருந்தார்.

"சரி. அப்புறம் சொல்லியிருக்கலாமே. இந்த மூணு வருசத்துல."

"சொல்லியிருக்கலாம்."

அவர் உடனே வெளியே வரவில்லை. கடைசி நட்டைப் போட்டு முடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஊர்ந்து வந்து எழுந்தார். முற்றத்துப் பீலித் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார், முழங்கை வரைக்கும், ரொம்ப நேரம். துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் படி இறங்கிப் போனார். வேன் ஸ்டாண்டின் மேல் நின்றது. இடது பக்கம் மாற்றவில்லை.

மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் காலை ஆறரைக்குப் பிள்ளைகள் ரோட்டில் வந்து நிற்பார்கள்.

பழைய சேலை ஒன்றை விரித்து நானே அடியில் போனேன். வலது பக்கம் அவர் செய்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துவைத்திருந்தேன். இடது பக்கத்து நட்டுகள் நன்றாக ஊறியிருந்தன. துரு கண்ணில் விழுந்தது. அட்டை ஒன்று கழுத்தில் ஏறியதுகூடப் பிறகுதான் தெரிந்தது. முகத்துக்கு நேர் மேலே தரைத்தகடு. அதற்கு மேலே கடைசி சீட்டு. குழாயைச் சொருகி மேல் போல்ட்டை இழுத்தபோது வேன் மெல்ல அசைந்தது, உள்ளே ஒருத்தர் புரண்டு படுப்பது போல. ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது.

கையை எடுத்துவிட்டேன். வெளியே வந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வரவில்லை. "நான்தான்," என்றேன், சத்தமாகவே. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் கிடந்தேன். ஒரு பதிலும் இல்லை. மறுபடி குழாயைப் பிடித்து இழுத்தேன். போல்ட் கழன்றது.

புதியதைப் போட்டு முடுக்கி, வேனைக் கீழே இறக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பம்பரை அழுத்திப் பார்த்தேன். ஒரே தடவை எழுந்து நின்றது.

மறுநாள் காலை வேனில் சத்தம் இல்லை. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சின்னப் பாலத்தில் ஏறி இறங்கினேன். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதிலாக என் குரல்தான் கேட்டது. "தூங்குறாரு." முன்பெல்லாம் அந்த டொக்கில் அது அமுங்கிப் போயிருந்தது போலும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் கொழுந்தன் வந்தார். பின்வாசலால் இல்லை, முற்றத்துக்கே வந்தார். வந்த வேகத்தில் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தார். இடது பக்கத்து நட்டுகளில் கை வைத்துப் பார்த்தது தெரிந்தது.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"வண்டி தரையில நிக்கிறப்பத்தான் கடைசி முடுக்கு முடுக்கணும். இல்லன்னா புஷ் சீக்கிரம் போயிரும்." நான்கு நட்டுகளையும் முடுக்கினார். "மத்தபடி சரியாத்தான் போட்டிருக்கீங்க."

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்தார். ஆள் மெலிந்த மாதிரி இருந்தது, மூன்றே நாளில்.

"அம்மாகிட்ட நான் ஒன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றார். "ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போது அண்ணன் கண்ணத் தொறந்து, அம்மா எங்கன்னு கேட்டுச்சுன்னு. அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். அழுகைய நிறுத்த வேற வழி தெரியல. அம்மா அத இப்பவும் வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லும்."

எனக்கும் அது தெரியும். மாமி என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அது பொய் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். இவர் ஏன் சொன்னார் என்றுதான் தெரியாமல் இருந்தது.

"நீங்க அத மாத்திச் சொல்லிராதீங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன்."

கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். என்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று முகத்தில் தேடினேன். போகவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கிழம அம்மாவ கோயிலுக்குக் கூட்டிப் போகணும்," என்றார். "காலு வலின்னு சொல்லுது, பஸ்ல ஏற மாட்டேங்குது. வண்டி இருக்குமா?"

"இருக்கும். நான் ஓட்டவா, நீங்க ஓட்டுறீங்களா?"

படியில் நின்றபடியே திரும்பி வேனைப் பார்த்தார்.

"நீங்களே ஓட்டுங்க," என்றார். "நான் பின்னால அம்மாகூட உக்காந்துக்கிறேன்."