எதிர்வீட்டு அங்கிள் விற்ற வீடு

நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் பாதி இடம் பல்கலைக்கழகத்துடையது. அதற்குச் சொத்து வரி கிடையாது. அது ஒவ்வொரு வீடாக வாங்க வாங்க, மிச்சமிருப்பவர்களுக்கு வரி ஏறிக்கொண்டே போகும்.

எதிர்வீட்டு அங்கிள் நெடுநெடுவென்று உயரம், லேசான கூன். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். ஊர்க் கவுன்சில் கூட்டத்துக்குத் தவறாமல் கோட்டு போட்டுக்கொண்டு போவார். பல்கலைக்கழகமும் ஊருக்கு ஏதாவது கொடுக்கட்டும் என்று எழுந்து நின்று பணிவாகக் கேட்பார். கவுன்சில்காரர்களும் பணிவாக நன்றி சொல்லி உட்கார வைப்பார்கள்.

போன குளிர்காலத்தில் அவர் வாசலில் மூவிங் டிரக் நின்றது. பதறிப் போய்க் கேட்டேன்.

"என்ன அங்கிள், வீட்டை வித்துட்டீங்களா?"

"டாக்ஸ் கட்டி மாளலம்மா. டெக்சஸ்ல பையன்கிட்ட போறேன்."

"யாரு வாங்கினாங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யூனிவர்சிட்டிதான். வேற யாரும் அவ்வளவு ஆஃபர் பண்ணல. இனிமே இந்த வீட்டுக்கும் டாக்ஸ் வராது. உங்களுக்குத்தான் ஏறும். சாரிம்மா."

"பரவாயில்ல அங்கிள்" என்றேன்.

அவர் சொன்னபடியே எங்களுக்கு வரி ஏறிவிட்டது. அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டவர் இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.