அத்தை கேட்ட அபிப்பிராயம்

கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், டூரிங் கொட்டகையின் ஈரமணல் வாசனையில் அசந்து நின்றுவிட்டேன்.

அத்தையோடு இங்கே படம் பார்த்த இரவு நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விதவையான அத்தையைக் கட்டிக்கொள்ள, மனைவியை இழந்த நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் கேட்டிருந்தார். அத்தை பதில் சொல்லாமல் எங்களைப் படத்துக்கு அழைத்துப்போனாள். வயதான இருவர் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் சிரிப்புப் படம். ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள்.

"படம் எப்புடி இருக்குது புள்ள?" என்று அத்தை கேட்டாள்.

"கெழவிக்கு மாலை போட்டா கொரங்காட்டம் இருக்குது அத்தை!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள்.

மறுநாள் காலையில், வேண்டாமென்று மாந்தோப்புக்காரருக்குச் சொல்லியனுப்பினாள்.

உண்மையில் அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாலு பேரைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொன்னேன். இத்தனை வருஷமாகியும் அதை அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.