தரங்கம்பாடிக்குப் போன வெள்ளி

சண்டை முடிந்தபோது அம்மா வவுனியா முகாமில் இருந்தார். நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், அகதிப் பாஸ்போட்டோடு. அதை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. டெனிஷ் பாஸ்போட் வேண்டுமென்றால் மொழிப் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் ஏற்கனவே கோட்டை விட்டவள் நான்.

விரும்பிய விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்கள்.

"இஞ்சேரும், சண்டையைப் பற்றிக் கதையும். பாவம் பாத்துப் பாஸ் பண்ணி விடுவினம்," என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் முகாமைக் காட்டியா நான் பாஸ் வாங்க வேண்டும்?

"நீங்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றேன்.

நான் எடுத்தது தரங்கம்பாடி. தமிழ்நாட்டுக் கரையில் இருக்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் டென்மார்க்காரரின் துறைமுகம். இங்கிருந்து போன கப்பல்களில் முக்கியமான சரக்கு வெள்ளி. எங்கள் ஆட்களிடம் துணி வாங்க இவர்களிடம் வேறென்ன இருந்தது? அந்த வெயிலில் கம்பளிச் சட்டையையா விற்பது? தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் நான். நூலகப் புத்தகத்தில் இதை வாசித்தபோது பெருமை பிடிபடவில்லை.

பரீட்சையில் கேள்வி கேட்ட பெண் அமைதியானவர். நான் பேசி முடித்ததும், "அவ்வளவு வெள்ளியும் பிறகு எங்கே போனது?" என்று டெனிஷில் கேட்டார்.

நான் ஆயத்தப்படுத்தாத கேள்வி. படித்த சொல்லெல்லாம் பறந்துவிட்டது. மெட்டிக்கு டெனிஷில் என்ன சொல்வது? வந்த ஆத்திரத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் உருவினேன். நல்ல வேளை, அது துவைத்த காலுறை.

"இங்கே," என்று கால்விரலைக் காட்டினேன். "கொஞ்சம் காசாகச் சுற்றியது. கொஞ்சத்தை உருக்கி எங்கள் பெண்கள் காலில் போட்டார்கள்."

"ஏன் தங்கத்தில் போடுவதில்லை?"

"தங்கம் லட்சுமி. காலில் போட மாட்டோம். காலுக்கு உங்கள் வெள்ளிதான்."

அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு என் வாய் ஓயவில்லை. அம்மி மிதிப்பது, மெட்டி போடுவது, கப்பல், துணி எல்லாம் பிழையும் சரியுமாக வந்து கொட்டின. நேரம் முடிந்தது என்று அவர்களே நிறுத்தினார்கள்.

பாஸ். அதுவும் நல்ல புள்ளியோடு. நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

அன்று பின்னேரமே, முகாமில் யாரோ வைத்திருந்த கைத்தொலைபேசிக்கு எடுத்து அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, பாஸ் பண்ணிப்போட்டன். இனிப் பாஸ்போட்டுக்கு எழுதலாம்."

சண்டைக் காலம் முழுக்க, எப்போது எடுத்தாலும், "இஞ்சாலப் பக்கம் வந்திடாதை" என்றே சொன்னவர் அம்மா.

"அப்ப எப்ப பிள்ளை வாறாய்?" என்று அன்று கேட்டார்.