பஞ்சடி யார் பேரில்

எங்க அக்கா செருப்பு தைக்கிறவ. சர்க்கரை வியாதியில மரத்துப்போன கால், ஒண்ணு பெருசும் ஒண்ணு சிறுசுமான கால், விரல் எடுத்த கால், எல்லாத்துக்கும் அளவெடுத்துத் தைப்பா. அடியில ‘பஞ்சடி’ன்னு முத்திரை இருக்கும். பதினோரு வருஷமா அந்தப் பேரை நம்பித்தான் ஆர்டர் வருது, முக்கால்வாசி இணையத்துல.

அந்தப் பேருக்கு டொமைன், அதான் இணைய முகவரி, பதிவு பண்ணினது நான். "நீ தையி, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு மார்தட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில கூப்பிட்டா. "டேய், நம்ம இணையப் பக்கமே வரலைடா."

பதிவு பண்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். புதுப்பிக்கலையாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மீட்கலைன்னா யாரு வேணா வாங்கிக்கலாமாம். மூணு தடவை மெயில் போட்டாங்களாம், அதே பஞ்சடி பேர்ல இருக்கற மெயில் முகவரிக்கு. அதை நான் திறந்து ரெண்டு வருஷமாச்சு. மீட்கறதுக்கான மெயிலும் அங்கதான் வரணும், ஆனா டொமைன் போனதால அந்த மெயிலும் இப்போ செத்துக் கிடக்கு. வீட்டுச் சாவியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்தின மகா புத்திசாலி நான்.

முன்னாடி அக்கா செருப்பை வித்துக் கொடுத்த ஏஜென்ட் ஒருத்தன் இருக்கான், இப்போ மட்டமான ரப்பர் செருப்பு விக்கிறவன். பஞ்சடிக்குப் பின்னாடி டாட் இன், டாட் நெட்னு வேற வால் ஒட்டி ஏற்கெனவே ரெண்டு முகவரி வாங்கி வெச்சிருக்கான். இதுவும் அவன் கைக்குப் போனா, அக்கா செருப்புன்னு நம்பி அவன்கிட்ட வாங்குவாங்க. மரத்த காலுக்குப் புண்ணானாலும் தெரியாது. அதை நினைக்க நினைக்க எனக்குப் பயமா இருந்துச்சு.

பட்டறைக்கு ஓடினேன். அக்கா தோல் வெட்டற கத்தியைக் கீழ வெச்சுட்டு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. மறுபடியும் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"உரிமையாளரோட அடையாள அட்டையை அனுப்புங்க, போதும்"னா அங்க பேசின பொண்ணு.

அக்கா ஓடிப்போய் தன் அட்டையை எடுத்து வந்து, பேரைப் படிச்சா.

"எங்க பதிவுல வேற பேர் இருக்கு மேடம்." என் பேரைச் சொன்னா அந்தப் பொண்ணு.

அக்கா என்னைப் பாத்தா. உரிமையாளர்னு கேட்ட கட்டத்துல அன்னைக்கு என் பேரைப் போட்டேன். கெட்ட எண்ணமில்ல. ஆனா மறந்துபோச்சுன்னு சொன்னா அது பொய்.

என் அட்டையை அனுப்பினோம். மூணு மணிக்கு நம்ம இணையப் பக்கம் திரும்பி வந்துச்சு. "அப்பாடா"ன்னேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"என் பேருக்கு மாத்து."

கட்டங்களை அவளே ஒத்தை விரலால நிரப்பினா. அவசரத்துக்கு இன்னொருத்தர் நம்பர் கேட்டுச்சு. என் நம்பரைப் போடுவான்னு பாத்துக்கிட்டே நின்னேன். அவளுக்குத் தோல் கொடுக்கற கடைக்காரர் நம்பரைப் போட்டா.